தங்கபாயின் மரங்களும் தூது ஆர்.என்.ஏ.வும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் புது இயந்திரம் வந்து இறங்கியிருக்கிறதாம். ரப்பர் பாலை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் சுத்தமான ஆர்.என்.ஏ. வந்துவிடுமாம், நடுவில் மனிதக் கை பட வேண்டியதில்லையாம். இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, இதையெல்லாம் நீங்க கையாலயா பண்ணினீங்க?" என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்கள். கையால்தான் பண்ணினோம். பின்னே காலாலா பண்ணுவார்கள்? நாலு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். தங்கபாயின் விஷயத்தைச் சொல்லாமல் அந்தப் பதில் முடியாது என்று எழுத எழுதத் தெரிந்தது.

நான் சுசீந்திரத்துக்குப் பக்கத்து வயற்காட்டு ஊர்க்காரி. எங்கள் வீட்டில் நெல்லைத் தவிர வேறு பயிரைப் பற்றிப் பேச்சே கிடையாது. தாவரவியல் படித்து, மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ரப்பர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தபோது, "மரத்தைக் கீறிப் பாலெடுக்க எடத்துல ஒனக்கு என்ன சோலி?" என்று அப்பா கேட்டார். ஆரம்ப வருடங்களில் சோலி ஒன்றும் பெரிதாக இல்லை. கண்ணாடிக் குடுவை கழுவினேன், தராசு துடைத்தேன், பஸ்ஸில் தூங்கினேன். டாக்டர் எஸ்தர் வந்த பிறகுதான் நான் வேலை கற்றேன்.

அவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத பருத்திச் சேலை, அதன்மேல் வெள்ளைக் கோட்டு. யாரையும் திட்டமாட்டார். இதற்குத் திட்டிவிட்டாலே தேவலை என்று தோன்றும்படி இருக்கும் அவருடைய வழி. சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். பால் பிடித்த குழாயின் விளிம்பில் நம் விரல் பட்டுவிட்டாலோ, மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டாலோ, குழாயை நம் கையிலிருந்து வாங்குவார். தொட்டியில் கவிழ்ப்பார். காலிக் குழாயைத் திருப்பித் தந்து, "மறுபடியும்" என்பார். அவ்வளவுதான். விடியுமுன்னே மலையேறி எடுத்துவந்த பால் சாக்கடையில் போய்க்கொண்டிருக்கும். முதல் வருடம் அவரை நான் மனதுக்குள் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது.

ஆனால் காரணம் இருந்தது. ரப்பர் மரத்துப் பால் என்று நாம் சொல்வது வெறும் பால் அல்ல. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய் செல்களின் உள்ளே நிறைந்திருக்கும் கூழ் அது. கத்தி பட்டதும் கூழ் வெளியே ஓடிவருகிறது. செல்லின் உட்கரு மட்டும் வராது. சுவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிடும். மரம் என்ன செய்யவேண்டும் என்ற மூலப்பிரதி அந்த உட்கருவில் இருக்கிறது. அதில் அப்போதைக்கு வேண்டிய பகுதியை மட்டும் படியெடுத்து, உட்கருவின் நுண்துளைகள் வழியாக வெளியே அனுப்புகிறது செல். அந்தப் படிதான் தூது ஆர்.என்.ஏ. வெளியே இருக்கும் ரைபோசோம்கள் அதை வாசித்துப் புரதம் கட்டும். வேலை முடிந்ததும் செல்லே தூதைச் சிதைத்துவிடும். சிதைக்காவிட்டால் ரைபோசோம்கள் அதே புரதத்தைக் கட்டிக்கொண்டே இருக்கும், நிறுத்த ஆளிருக்காது.

பாலுக்காக மரப்பட்டையை வெட்டும்போது இந்தத் தூதெல்லாம் பாலோடு சொட்டுச் சொட்டாக நம் கைக்கு வருகிறது. வாங்கத் தெரிந்தால் அன்றைக்கு மரத்துக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்று கேட்டுவிடலாம். ஆனால் நம் வியர்வையிலும் எச்சிலிலும் இருக்கும் நொதி கொஞ்சம் பட்டால் போதும், தூது தூளாகிவிடும். பால் உறையாமல் இருக்க, மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் சிரட்டையில் இரண்டு சொட்டு அமோனியா விடுவது எங்கள் பக்கத்துப் பால்வெட்டுக்காரர்களின் வழக்கம். ஒரு தடவை, மேடம்மாருக்கு நல்ல பாலாகக் கிடைக்கட்டும் என்று ஆசையாக எல்லாச் சிரட்டையிலும் முன்கூட்டியே விட்டுவைத்திருந்தார்கள். அமோனியாவில் தூது உதிர்ந்துபோகும். டாக்டர் அவர்களுக்கு நன்றி சொல்லி, அத்தனையையும் மரத்தடியில் கவிழ்த்தார். அதன்பிறகு சிரட்டையையே நம்பாமல், வெட்டின் நுனியில் நாங்களே குழாயைப் பிடித்தோம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது தங்கபாயின் விஷயம். கீரிப்பாறைக்குப் போகிற வழியில் ஒரு தனியார் எஸ்டேட், பெயர் வேண்டாம். தங்கபாய் அங்கே பால்வெட்டுத் தொழிலாளி. சாயங்காலம் நான் வீடு திரும்பும் பஸ்ஸில் அவளும் கடைக்குப் போக மலையிறங்குவாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் ஓயாமல் பேசுவாள், நான் தூங்கிவிழுந்தால் தோளில் இடிப்பாள்.

அந்த வருடம் அவள் வெட்டும் பிளாக்கில் மரங்கள் ஒவ்வொன்றாக வறண்டன. பட்டையை வெட்டினால் பால் வராது, அங்கங்கே பழுப்புக் கோடு தெரியும். பட்டை மரப்பு என்பார்கள். அதற்குப் பல காரணம் உண்டு. அதில் ஒன்று, எத்திபோன் என்ற மருந்தை அளவுக்கு மீறித் தடவுவது. தடவினால் மரம் கொஞ்ச காலம் பாலை வாரிக் கொடுக்கும், பிறகு மரத்துப்போகும். கூடுதல் எடைக்குக் கிடைக்கும் படிப்பணத்துக்காகத் தங்கபாய் திருட்டுத்தனமாக மருந்து தடவினாள் என்று சூப்பர்வைசர் புகார் எழுதினார். அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிளாக்குக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும், எஸ்டேட் கொடுத்து, பதினெட்டு வருடமாக இருந்த லைன் வீடும் போகும்.

அவளை நிறுத்திவைத்து மூன்று வாரத்துக்கு மேல் ஆனபிறகு எஸ்டேட் மேனேஜர் எங்கள் கூடத்துக்கு வந்தார். சூப்பர்வைசரும் கூட வந்து கதவோரம் நின்றார்.

"பாலை டெஸ்ட் பண்ணினா மருந்து தடவினது தெரிஞ்சிருமா மேடம்?" என்றார் மேனேஜர்.

"மருந்து தெரியாது. மருந்துக்கு மரம் என்ன பதில் சொல்லுதுன்னு தெரியும்" என்றார் டாக்டர். "மருந்து பட்டதும் சில தூது அதிகமா வெளிய வரும். அதை அளக்கலாம்."

"அது போதும். அடுத்த வாரம் வாங்க, ஏற்பாடு பண்ணி வைக்கேன்."

வேறொரு ஆய்வுக்கூடம் என்றால் இது எங்கள் வேலை இல்லை என்று கையைக் கழுவியிருக்கும். டாக்டர் ஏன் ஒப்புக்கொண்டார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. எஸ்டேட்காரர்களுக்கு ஒத்தாசை செய்கிறார் என்று நினைத்து எரிச்சல்பட்டேன்.

குறித்த நாள் இருட்டோடு போனோம். வாசலிலேயே சூப்பர்வைசர் டார்ச்சோடு நின்றார். தங்கபாயின் பிளாக்கில் இன்னும் பால் தரும் மரங்களைத் தானே காட்டினார். "இந்த வரிசை நல்லா ஓடும் மேடம்." ஒரு ஆள் வெட்டினான். அழுக்கு வரும் முதல் சொட்டுகளைக் கீழே விட்டுவிட்டு, பனிக்கட்டியில் வைத்திருந்த குழாய்களில் பாலைப் பிடித்தேன். குழாய்க்குள் இருக்கும் கரைசலில் பால் விழுந்ததும் குலுக்கி மூடவேண்டும், உடனே திரவ நைட்ரஜன் கேனுக்குள் இறக்கவேண்டும். ஒன்றும் பேசக்கூடாது. அவர் காட்டின வரிசை முடிந்ததும் டாக்டர் எதிர்ப்பக்கச் சரிவில் இறங்கி நடந்தார்.

"அங்க அட்டை கடிக்கும் மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

"இருக்கட்டும்" என்று டாக்டர் தன் மனதுக்குப் பட்ட மரங்களைத் தொட்டுக் காட்டினார். அதிலும் எடுத்தேன். பக்கத்து பிளாக்கிலும் எடுத்தோம். எது எந்த மரம் என்று எனக்குத் தெரியாதபடி எண்களை அவரே மாற்றிப் போட்டார். "வள்ளி, ஒங்களுக்கு அவளைத் தெரியும். தெரிஞ்சவங்க கைக்குத் தெரியாம இருக்கதுதான் நல்லது" என்றார். என் காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அட்டை கடித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

திரும்பும்போது லைன் வீடுகளின் முனையில் தங்கபாய் நின்றாள்.

"எக்கா, நான் தொடல்ல. கர்த்தராணை தொடல்ல. கோயில்ல எனக்கப் பக்கத்துல ஒருத்தியும் இருக்க மாட்டேங்கா, பாத்துக்கிடுங்க."

டாக்டர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

அந்தக் குழாய்களை மறுபடி எடுக்க முடியாது என்பதுதான் பெரிய பயம். வளையலைக் கழற்றி வைத்தேன், இரண்டு அடுக்குக் கையுறை போட்டேன். வேகமாகச் சுழற்றினால் பால் மூன்றாகப் பிரியும். மேலே ரப்பர் வெள்ளைக் கட்டியாக ஏறிநிற்கும், அடியில் மஞ்சளாக ஒரு படிவு, நடுவில் தெளிந்த நீர். நமக்கு வேண்டியது நடுவில் இருப்பது. மேலதும் கீழதும் கலங்காமல் அதை உறிஞ்சியெடுத்து, ஃபீனாலில் கழுவி, குளிர்ந்த ஆல்கஹாலில் விட்டால் ஆர்.என்.ஏ. குழாயின் அடியில் படியும். உப்புக் கறை மாதிரி ஒரு சிறு வெண்மை. ஆல்கஹாலைக் கொட்டும்போது அதுவும் சேர்ந்து போய்விடலாம். ஒவ்வொரு குழாயையும் சாய்க்கும்போது நான் மூச்சு விடவில்லை. டாக்டர் பின்னால் நின்றார். அன்று அவர் எதையும் கவிழ்க்கவில்லை.

அளக்கும் கருவியில் ஒவ்வொரு மாதிரியும் திரையில் ஒரு கோடாக எழும்பும். தூது அதிகமாக இருந்தால் கோடு சீக்கிரம் எழும்பும். சில கோடுகள் விறுவிறுவென்று முன்னால் ஏறின. மற்றவை வெகுநேரம் தரையோடு கிடந்தன. எந்த எண் எந்த மரம் என்று டாக்டர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். ஏறின கோடுகள் எல்லாம் தங்கபாயின் பிளாக்.

"மேடம், தடவியிருக்காளா?"

"மரத்துல தடவியிருக்கு. அவ்வளவுதான் தெரியும்" என்றார். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "எப்பம் தடவினது?"

எனக்குப் பிடிபடவில்லை. அவர் எண்களைக் காட்டினார். ஏறினவை எல்லாம் சூப்பர்வைசர் காட்டின வரிசை மரங்கள். அதே பிளாக்கில் டாக்டர் தேர்ந்தெடுத்த மரங்கள் ஒன்றுகூட ஏறவில்லை. "அவ பாதி மரத்துலதான் தடவினாண்ணு அவங்க சொல்லலாம். ஆனா தூது அத்தனை நாள் நிக்குமா வள்ளி? அவ வெளிய போயி மூணு வாரம் தாண்டியாச்சு. இது இப்பம் வந்த தூது மாதிரி இருக்கு."

"அப்பம் எழுதிக் குடுத்துருவோம் மேடம்."

"எனக்குத் தோணுதுன்னு எழுத முடியாது. நம்ம மரத்துல பண்ணிப் பாக்கணும்."

எங்கள் கூடத்து மரங்களில் வெட்டை நிறுத்தினார். சிலவற்றில் அன்றே எத்திபோன் தடவினார். சிலவற்றில் பால் எடுப்பதற்குச் சில நாள் முன்பு தடவுவது, சிலவற்றைத் தொடாமல் விடுவது என்று திட்டம். மூன்று வாரம் கடந்து எல்லாவற்றையும் ஒரே காலையில் வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய மருந்தின் தூதும் அதுவரை நின்றிருந்தால் தங்கபாய் தொலைந்தாள். அதுவும் நடக்கக் கூடியதுதான் என்று டாக்டரே சொன்னார்.

மேனேஜர் தினமும் போனில் கேட்டார். கிடைத்த ரிசல்ட்டை அப்படியே கொடுங்கள் என்றார், விசாரணைத் தேதி வைத்தாகிவிட்டது என்றார். வீட்டைக் காலிசெய்யச் சொல்லித் தங்கபாய்க்கு நோட்டீஸ் போனது. அவள் ஒரு மத்தியானம் எங்கள் கேட்டுக்கு வந்து நின்றாள். டாக்டர் அவளை உள்ளே விடவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு வார்த்தை சொன்னா என்ன மேடம்? அவ வெயில்ல நிக்கா."

"நான் அவட்ட பேசினேன்னு தெரிஞ்சா, நாளைக்கு நம்ம டெஸ்ட்டை யாரு நம்புவா?"

"நீங்க மனுஷியா மேடம்?" என்று கேட்டேவிட்டேன். நான் போய் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். அவரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பால் எடுக்கவேண்டிய காலையில் மழை பிடித்துக்கொண்டது. பட்டை நனைந்திருந்தால் வெட்டக் கூடாது. பால் வெட்டுவழியில் ஓடாமல் மரம் முழுக்க வழியும், மழைத்தண்ணீரும் கலக்கும். விசாரணை மறுநாள். டாக்டர் குடையோடு மரத்தடியில் நின்றார், நான் கேனோடு நின்றேன். வெயில் எட்டிப்பார்த்துப் பட்டை காய்ந்தபிறகு வெட்டினோம். மதியச் சாப்பாடு இல்லை, டீ இல்லை. மாதிரிகளை ஓட்டிவிட்டுத் திரைக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சில நாள் முன்பு தடவின மரங்களின் கோடுகள் முதலில் எழும்பின. மூன்று வாரத்துக்கு முன்பு தடவின மரங்களின் கோடுகள் அவற்றோடு எழும்பவில்லை. மருந்தே படாத மரங்களோடு சேர்ந்து தரையில் கிடந்து, கடைசியில்தான் மெல்ல ஏறின. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். "ரிசல்ட்டை இன்னொரு தடவை சரிபாருங்க" என்றார் டாக்டர்.

விசாரணை எஸ்டேட் அலுவலகத்தில் நடந்தது. நாகர்கோவிலிலிருந்து ஒரு வக்கீல் விசாரணை அதிகாரியாக வந்திருந்தார். தங்கபாய் ஒரு ஓரத்தில் ஸ்டூலில் இருந்தாள். வக்கீல் டாக்டரிடம், விளங்கும்படி சொல்லுங்கள் என்றார்.

"ஓட்டல்ல சப்ளையர் அடுக்களையைப் பாத்து 'ரெண்டு தோசை'ன்னு ஆர்டர் சொல்லுவாரு. தோசை வந்ததும் அந்தச் சத்தம் போச்சு. போன மாசம் சொன்ன ஆர்டர் இன்னைக்கு அடுக்களையில கேக்காது. தூதும் அதே மாதிரி. நாங்க இந்த மரங்கள்ல கேட்டது புதுச் சத்தம். பால் எடுக்கதுக்குச் சில நாள் முன்ன தடவினது. அப்பம் இந்தம்மா பிளாக்குக்குள்ள இல்ல. அதுவும் எங்களுக்குக் காட்டித் தந்த மரங்கள்ல மட்டுந்தான் இருக்கு."

சூப்பர்வைசர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். அவளை நிறுத்திவைத்த பிறகு பிளாக்குக்குப் பொறுப்பு யார் என்று வக்கீல் கேட்டார். "நான்தான் சார்" என்றார் சூப்பர்வைசர். விஷம் குடித்தவன் குடலில் விஷம் கிடப்பதுபோலப் பாலில் அடையாளம் கிடக்கும், எப்போது தடவியது என்று தெரியாது என்று நினைத்துத் தானே தடவிவிட்டார். முந்தின வருடம் உற்பத்தியைக் கூட்ட மருந்தின் அளவை ஏற்றச் சொன்னதே அவர்தான் என்று தொழிலாளிகள் பிற்பாடு சொன்னார்கள்.

மேனேஜர் விடவில்லை. "மேடம், பழைய மருந்து தெரியாதுன்னு நீங்களே சொல்லுதீங்க. அப்படின்னா இந்தம்மா முன்ன தடவியிருக்கலாம், ஒங்க டெஸ்ட்டுல அது தெரியாமப் போயிருக்கலாம். இல்லன்னு மறுக்க முடியுமா?"

நான் டாக்டரைப் பார்த்தேன். ஒரு பொய்தானே, சொல்லித் தொலையுங்களேன் என்று மனம் கூச்சலிட்டது.

"மறுக்க முடியாது" என்றார் டாக்டர். "அதைப் பத்தி இந்த டெஸ்ட் ஒண்ணும் சொல்லாது."

தங்கபாய் தலையைக் குனிந்தாள். வக்கீல் வெகுநேரம் எழுதினார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, வேலையில் மறுபடி சேர்க்கலாம் என்று முடித்தார். சூப்பர்வைசரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அதைத் தண்டனை என்று யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். தங்கபாய் பின்னாலேயே வந்தாள். சந்தோஷமாக வருவாள் என்று நினைத்தேன். முகம் கல்லாக இருந்தது. நிறுத்திவைத்த அன்றும் அவள் அழவில்லை, நோட்டீஸ் வந்த அன்றும் அழவில்லை என்று லைன் வீட்டுப் பெண்கள் சொல்லியிருந்தார்கள்.

"எக்கா, நான் தடவல்லண்ணு எழுதியிருக்கா?"

"நிரூபிக்கப்படல்லண்ணு எழுதியிருக்கு பிள்ளே. வேலை கிடைச்சாச்சு, வீடு கிடைச்சாச்சு. இனி என்ன?"

அவள் என்னை விட்டுவிட்டு டாக்டரிடம் திரும்பினாள். "டாக்டரம்மா, நீங்க படிச்சவிய. சொல்லுங்க. நான் தடவினேனா, தடவல்லியா?"

டாக்டர் அவளை நேராகப் பார்த்தார். இத்தனை நாளும் பார்க்க மறுத்த முகம் அது.

"நீ தடவல்ல."

"பாலுல தெரிஞ்சுதா?"

"இல்ல. பாலுல தெரியாது. நான் சொல்லுதேன்."

தங்கபாய் அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். டாக்டருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சேலை மடிப்பைப் பார்க்காமல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் வந்து ஹார்ன் அடித்தது. நாங்கள் ஏறவில்லை.